யூதாஸ்னு கத்தினது எந்த ஊர்ல?

ராக் இசை வரலாற்றிலேயே ரொம்பப் பிரபலமான வசவு எதுன்னு யாராவது கேட்டா யோசிக்காம சொல்லலாம்: "யூதாஸ்!"

மேடையில பாப் டிலன். ஒரு பாட்டு முடிஞ்சு அடுத்த பாட்டுக்கு சுருதி சேர்த்துக்கிட்டு இருக்காங்க. கூட்டத்துல இருந்து ஒரு குரல், ஏசுவைக் காட்டிக் கொடுத்தவனோட பேரைச் சொல்லிக் கத்துது. கொஞ்சம் சிரிப்பு, கொஞ்சம் கைதட்டல். டிலன் மைக்குக்கு வந்து, "உன்னை நான் நம்பலை", ஒரு இடைவெளி, "நீ பொய்யன்"ங்கிறார். அப்புறம் பின்னாடி திரும்பி, கெட்ட வார்த்தை ஒண்ணைச் சேர்த்து, சத்தமா வாசிங்கடான்னு தன் ஆளுங்ககிட்ட சொல்றார். டிரம்ஸ்ல ஒரே அடி. 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' ஆரம்பிக்குது.

இது எங்க நடந்தது? இதுக்கு இதுவரைக்கும் மூணு பதில் வந்திருக்கு. லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹால்னு கால் நூற்றாண்டுக்கும் மேல ரசிகர்கள் நம்பினாங்க. 2024-ல் வந்த 'எ கம்ப்ளீட் அன்நோன்' படத்தைப் பார்த்தவங்க, அமெரிக்காவுல நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழான்னு சொல்வாங்க. சரியான பதில் இங்கிலாந்துல மான்செஸ்டர் நகரம், ஃப்ரீ டிரேட் ஹால், 1966 மே 17, செவ்வாய்க்கிழமை ராத்திரி.

ஊர் பேரு மாறினா என்னப்பா குடி முழுகிப் போச்சுன்னு கேக்கலாம். முழுகித்தான் போகுதுங்கிறது என் கட்சி. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கூடவே டிலனோட கச்சேரிகளையும் லைவ் ஆல்பங்களையும் ஒரு சுத்து சுத்திட்டு வருவோம். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கங்க மக்களே :-)

கோபம் எங்கேர்ந்து வந்துச்சு?

1941-ல் மினசோட்டா மாநிலம் டுலூத்ல பிறந்த ராபர்ட் ஸிம்மர்மன், 1961 ஜனவரியில நியூயார்க் வந்து சேர்றார். கையில ஒரு கிதார், கழுத்துல மாட்டின ஹார்மோனிகா, மனசு பூரா வூடி கத்ரி. 1962-ல் முதல் ஆல்பம். 1963-ல் வந்த 'தி ஃப்ரீவீலின் பாப் டிலன்' அவரை எங்கேயோ கொண்டு போய் உட்கார வச்சிடுச்சு. அதே வருஷம் ஆகஸ்ட் 28-ம் தேதி வாஷிங்டன் பேரணியில, மார்ட்டின் லூதர் கிங் பேசின அதே மேடையில டிலனும் ஜோன் பயஸும் பாடினாங்க. வயசு 22.

அந்தக் காலத்து நாட்டுப்புற இசைக் கூட்டத்துக்கு இசைங்கிறது வெறும் இசை இல்லை. இனவெறிக்கு எதிர்ப்பு, அணுகுண்டுக்கு எதிர்ப்பு, தொழிற்சங்கம் எல்லாம் அதோட சேர்ந்தே வரும். இங்கிலாந்துல இருந்த ஃபோக் கிளப்புகள்ல இடதுசாரிகள் கை ஓங்கியிருந்தது. மின்சார கிதார்னா அவங்களுக்கு வியாபாரம், ஹிட் பரேடு, சின்னப் பசங்க கூச்சல். மரக் கிதார்னா உண்மை, ஏழை ஜனம், போராட்டம். டிலனைத் தங்களோட குரலா நினைச்சு வச்சிருந்தாங்க.

இதை நான் கிண்டலா சொல்லலை. காசு போட்டு டிக்கெட் வாங்கி, ரெக்கார்டைத் தேயத் தேயக் கேட்டு, தங்களோட நியாயத்தை ஒருத்தர் பாட்டா பாடறார்னு நம்பினவங்க அவங்க. நம்ம ஆளு கட்சி மாறிட்டாருன்னு தோணினா வலிக்கத்தானே செய்யும்? டிலன் ரசிகர்கள் எழுதறப்ப பெரும்பாலும் இவங்களை முட்டாள் கூட்டம் மாதிரியே காட்டிடறாங்க. அது நியாயம் இல்லை.

முதல் கூச்சல்

1965 மார்ச்ல வந்த 'பிரிங்கிங் இட் ஆல் பேக் ஹோம்' ஆல்பத்துல ஒரு பக்கம் முழுக்க மின்சார இசைக்குழுவோட பாடியிருந்தார். ஜூலை 20-ம் தேதி 'லைக் எ ரோலிங் ஸ்டோன்' சிங்கிளா வருது. ஆறு நிமிஷத்துக்கும் மேல ஓடற பாட்டு. மூணு நிமிஷத்துக்கு மேல போனா ரேடியோக்காரன் முகம் சுளிக்கிற காலம் அது. ஆனாலும் அமெரிக்க பில்போர்டு பட்டியல்ல இரண்டாவது இடம் வரைக்கும் போச்சு.

அஞ்சே நாள் கழிச்சு, ஜூலை 25, நியூபோர்ட். 1963-லயும் 1964-லயும் அதே விழாவுல கிதாரோட தனியா நின்னு கொண்டாடப்பட்டவர், இந்த முறை மைக் ப்ளூம்ஃபீல்டு, அல் கூப்பர் வகையறாவோட மின்சார கிதாரைத் தூக்கிட்டு வந்தார். குழுவோட பாடினது மூணே மூணு பாட்டு. கூச்சல் கிளம்பிச்சு. மேடையை விட்டு இறங்கினவர் திரும்ப வந்து, மரக் கிதாரோட இரண்டு பாட்டு பாடி முடிச்சார்.

அந்தக் கூச்சல் எதுக்குங்கிறதுல இன்னிக்கு வரைக்கும் சண்டை தீரலை. மின்சாரத்தை எதிர்த்துன்னு ஒரு கோஷ்டி. ஒலியமைப்பு கண்றாவியா இருந்ததாலன்னு இன்னொரு கோஷ்டி. இவ்வளவு பெரிய ஆளு மூணு பாட்டோட கிளம்பினா கத்தாம என்ன பண்ணுவாங்கன்னு மூணாவது கோஷ்டி. பீட் சீகர் கோடாலியை எடுத்துக்கிட்டு கேபிளை வெட்டப் போனார்னு ஒரு கதை ரொம்ப நாளா சுத்துது. அவரே பின்னாடி விளக்கினது வேற: வார்த்தை புரியாத அளவுக்கு ஒலி கெட்டுப் போயிருந்தது, கோடாலி இருந்தா கேபிளை வெட்டியிருப்பேன்னு சொன்னேன், கோபம் மின்சாரத்து மேல இல்லை. முர்ரே லெர்னர் எடுத்த படச்சுருள்கள் 2007-ல் 'தி அதர் சைடு ஆஃப் தி மிர்ரர்'ங்கிற பேர்ல வெளிவந்துச்சு. அதைப் பார்த்தா கூச்சல், கைதட்டல், இன்னும் பாடுங்கிற சத்தம் எல்லாம் ஒண்ணா கலந்து கிடக்கு. எது எவ்வளவுன்னு பிரிக்க முடியலை.

நியூபோர்ட்டை ஞாபகம் வச்சுக்கங்க. கடைசியில திரும்ப வருவோம்.

பத்து மாசத் திட்டு

நியூபோர்ட்ல வாங்கிக் கட்டிக்கிட்டதோட நின்னிருந்தா அது ஒரு ராத்திரி விவகாரம். டிலன் நிக்கலை. 1965 ஆகஸ்ட் 28, நியூயார்க் ஃபாரஸ்ட் ஹில்ஸ்ல ஒரு புது ஏற்பாடு: முதல் பாதி தனியா மரக் கிதாரோட, இரண்டாம் பாதி குழுவோட. முதல் பாதியில ஊசி விழுந்தா கேக்கும். இரண்டாம் பாதியில கூச்சல். இதே கதைதான் அடுத்து ஊர் ஊரா.

கூட வாசிச்சவங்க 'ஹாக்ஸ்'ங்கிற குழு. பிற்பாடு 'தி பேண்ட்'னு பேர் வாங்கினாங்களே, அவங்கதான். ராபி ராபர்ட்சன் கிதார், ரிக் டாங்கோ பேஸ், ரிச்சர்ட் மானுவல் பியானோ, கார்த் ஹட்சன் ஆர்கன், லெவான் ஹெல்ம் டிரம்ஸ். தினம் ராத்திரி திட்டு வாங்கறது லெவானுக்கு ஒத்து வரலை. 1965 நவம்பர் கடைசியில கிளம்பிட்டார். கொஞ்ச நாள் மெக்ஸிகோ வளைகுடாவுல எண்ணெய்க் கிணறு மேடையில கூலி வேலை பார்த்தார்! டிரம்ஸ் வாசிக்கிறதை விட எண்ணெய் ரிக் பரவாயில்லைனு ஒரு மனுஷன் முடிவு எடுக்கிறான்னா அந்தக் கூச்சல் எப்படி இருந்திருக்கும்னு பார்த்துக்கங்க.

1966 ஏப்ரல், மே மாசங்கள்ல ஆஸ்திரேலியாவும் ஐரோப்பாவும். டிரம்ஸுக்கு மிக்கி ஜோன்ஸ். மே 5 டப்ளின், 6 பெல்ஃபாஸ்ட், அப்புறம் பிரிஸ்டல், கார்டிஃப், பர்மிங்ஹாம், லிவர்பூல், லெஸ்டர், ஷெஃபீல்டு, 17-ம் தேதி மான்செஸ்டர். கிட்டத்தட்ட தினம் ஒரு ஊரு, தினம் அதே சண்டை.

அந்த ராத்திரி

ஃப்ரீ டிரேட் ஹால் சாதாரண இடம் இல்லை. 1819-ல் வாக்குரிமை கேட்டுக் கூடின ஜனங்களைக் குதிரைப்படை வெட்டிச் சாய்ச்ச பீட்டர்லூ படுகொலை நடந்த திடல் மேல எழும்பின கட்டடம். இரண்டாம் உலகப் போர்ல குண்டு விழுந்து, 1951-ல் திரும்பக் கட்டினாங்க. ஹாலே ஆர்க்கெஸ்ட்ராவோட வீடு மாதிரி. (பத்து வருஷம் கழிச்சு 1976 ஜூன் 4-ம் தேதி இதே கட்டடத்து சின்ன ஹால்ல செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசிச்சது தனிக் கதை. இப்ப அது ஹோட்டல்!)

மொத்தம் 15 பாட்டு. முதல் பாதியில ஏழு, இரண்டாம் பாதியில எட்டு. ரெக்கார்டிங்கை முழுசா உட்கார்ந்து கேட்டா ஒண்ணு புரியும். முதல் பாதியை எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க, ஆனா எனக்கு உசத்தி அதுதான். 'விஷன்ஸ் ஆஃப் ஜோஹானா', 'ஜஸ்ட் லைக் எ உமன்' எல்லாம் அப்ப இன்னும் வெளியே வராத பாட்டுகள். அது ரெண்டும் இருக்கிற 'பிளான்ட் ஆன் பிளான்ட்' ஆல்பம் கடைக்கு வந்தது ஜூன்லதான். அந்த ஹால்ல இருந்தவங்க முதல் தடவையா கேக்கறாங்க, மூச்சுக் காட்டாம உட்கார்ந்திருக்காங்க. டிலன் ஒவ்வொரு சொல்லையும் இழுத்து இழுத்து, தூக்கத்துல நடக்கிறவன் மாதிரி பாடறார். ஹார்மோனிகா சில இடத்துல ஒரே ஸ்வரத்தைப் பிடிச்சுக்கிட்டு விடவே மாட்டேங்குது. ஸ்டுடியோவுல பண்ணின அதே பாட்டுகளைப் பக்கத்துல வச்சுக் கேளுங்க, மேடையில பாடினது இன்னும் தனிமையா இருக்கும்.

இடைவேளை முடிஞ்சு எடுத்தவுடனே 'டெல் மீ, மாமா'. இது எந்த ஸ்டுடியோ ஆல்பத்துலயும் வராத பாட்டு. அடுத்தது 'ஐ டோன்ட் பிலீவ் யூ'. 1964-ல் தனியா மரக் கிதாரோட பதிவு பண்ணின பாட்டு இப்ப டிரம்ஸோட அதிருது. அதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி டிலன் சும்மா ஒரு வரி அறிவிக்கிறார்: முன்னாடி அது அப்படிப் போயிட்டு இருந்துச்சு, இப்ப இப்படிப் போகும். அவ்வளவுதான். அறுபது வருஷ மேடை வாழ்க்கைக்கும் அவர் கொடுத்த விளக்கம் அந்த ஒத்தை வரிதான்னு எனக்குத் தோணும்.

நடுவுல கூட்டம் மெதுவா, ஒரே தாளத்துல கை தட்ட ஆரம்பிக்குது. பாராட்டுக்கு இல்லை, இறங்குடாங்கிறதுக்கு. டிலன் என்ன பண்றார் தெரியுமா? மைக்ல வாயை வச்சு, அர்த்தமே இல்லாம ஏதோ முணுமுணுக்கிறார். என்ன சொல்றான்னு கேக்கிறதுக்காகக் கூட்டம் கையை நிறுத்துது. சத்தம் அடங்கினதும், இவ்வளவு பலமா தட்டாம இருந்தீங்கன்னா நல்லதுங்கிற மாதிரி முடிக்கிறார். ஹால் சிரிச்சிடுது. கூட்டத்தை எப்படிக் கையாளணும்னு தெரிஞ்ச மேடைக்காரன் இந்த ஆளு.

'பாலட் ஆஃப் எ தின் மேன்' முடிஞ்சதும்தான் அந்தக் குரல். யாருன்னா, பின்னாடி ஒண்ணுக்கு மேற்பட்டவங்க நான்தான்னு சொன்னாங்க :-) டிலன் சொன்ன பதில்ல, இரண்டாவது பாட்டோட தலைப்பும் அப்படியே இருக்கு, கவனிச்சீங்களா? அப்புறம் வர்ற 'ரோலிங் ஸ்டோன்' ஸ்டுடியோவுல கேட்ட பாட்டு இல்லை. ஸ்டுடியோவுல ஒரு ஏளனம் இருக்கும். இங்க அது ஒரு மனுஷன் நேருக்கு நேரா நின்னு கத்தற சத்தம்.

ஒரு விஷயம் மட்டும் நியாயமா சொல்லணும். ரெக்கார்டிங்ல நாம கேக்கிறது கம்பெனிக் கருவியில தெளிவா விழுந்த ஒலி. அன்னைக்கு ஹால்ல இருந்தவங்களுக்கு அது கிடைக்கலை. ஆர்க்கெஸ்ட்ராவுக்காகக் கட்டின ஹால்ல, 1966 வருஷத்து ஸ்பீக்கர்கள்ல, டிரம்ஸும் ரெண்டு கிதாரும் சேர்ந்து வந்தா வார்த்தை எங்க கேக்கும்? டிலன்கிட்ட அவங்க வந்ததே வார்த்தைக்காக. நாம ஹெட்போன் மாட்டிக்கிட்டு, இவ்வளவு அருமையா இருக்கே, எதுக்குய்யா கத்தினாங்கன்னு கேக்கிறது சுலபம். அவங்க கேட்டது வேற கச்சேரி.

லேபிள் எப்படி மாறிச்சு

1966-ல் அந்தப் பயணத்துல இருந்து அதிகாரபூர்வமா வந்தது ஒரே ஒரு பாட்டு. 'ஐ வான்ட் யூ' சிங்கிளோட பின்பக்கத்துல, லிவர்பூல்ல மே 14 அன்னைக்குப் பாடின 'ஜஸ்ட் லைக் டாம் தம்ஸ் ப்ளூஸ்'. அதைத் திருப்பிப் போட்டுக் கேட்டவங்களுக்குத் தலை சுத்திடுச்சு. இது மாதிரி இன்னும் எவ்வளவு டேப் கம்பெனி அலமாரியில தூங்குதோன்னு ஒரு பசி வந்துச்சு.

ஜூலை 29-ம் தேதி உட்ஸ்டாக் பக்கத்துல மோட்டார் சைக்கிள் விபத்து. டிலன் மேடையை விட்டே ஒதுங்கிட்டார். 1968-ல் வூடி கத்ரி நினைவுக் கச்சேரி, 1969 ஆகஸ்ட் 31-ல் ஐல் ஆஃப் வைட், 1971 ஆகஸ்ட் 1-ல் ரவிசங்கரும் ஜார்ஜ் ஹாரிசனும் நடத்தின வங்கதேச நிதிக் கச்சேரி, இப்படி அங்கொண்ணு இங்கொண்ணு. சுத்துப்பயணம்னு அடுத்து கிளம்பினது 1974 ஜனவரி 3, சிகாகோ. ஏழரை வருஷம்!

ஆள் மேடையில இல்லை, ஜனத்துக்குப் பசி. அப்ப திருட்டு ரெக்கார்டு வராம என்ன செய்யும்? 1969-ல் 'கிரேட் ஒயிட் வொண்டர்'னு ஒண்ணு வெளியே வந்து ராக் உலகத்துல பூட்லெக்ங்கிற தொழிலையே ஆரம்பிச்சு வச்சுது. கொஞ்ச நாள்ல 1966 கச்சேரியும் வந்துச்சு. அட்டையில 'ராயல் ஆல்பர்ட் ஹால்'னு போட்டிருந்தது. டிலன் மே 26, 27 தேதிகள்ல அங்க பாடினது உண்மை. ஆனா அந்த டேப் அங்க எடுத்தது இல்லை. பேர் பெரிய பேர், சந்தேகப்பட யாருக்கும் தோணலை. 'யூதாஸ்' சம்பவம் லண்டனுக்குக் குடி போயிடுச்சு.

1998 அக்டோபர்ல கொலம்பியா கம்பெனி ஒருவழியா அதிகாரபூர்வமா வெளியிட்டப்ப ஒரு வேடிக்கை பண்ணாங்க. மான்செஸ்டர் கச்சேரின்னு தெரிஞ்சும், அட்டையில 'ராயல் ஆல்பர்ட் ஹால் கச்சேரி'ன்னு மேற்கோள் குறிக்குள்ள போட்டாங்க. தப்பு அவ்வளவு பிரபலமாயிடுச்சு, உண்மையான பேர் போட்டா ஜனத்துக்கு அடையாளமே தெரியாது! 2005-ல் மார்ட்டின் ஸ்கார்செஸி எடுத்த 'நோ டைரக்ஷன் ஹோம்'ல அந்த நிமிஷத்தோட படச்சுருளே வந்துடுச்சு. சாட்சிக்கு இனிமே குறை இல்லை.

2016-ல் 1966 பயணத்துல கிடைச்ச மொத்த ரெக்கார்டிங்கும் 36 சிடியா வந்துச்சு. அதே மாசம், நிஜமாவே ஆல்பர்ட் ஹால்ல மே 26-ம் தேதி பாடினதைத் தனியா போட்டு, அதுக்கு 'தி ரியல் ராயல் ஆல்பர்ட் ஹால்'னு பேர் வச்சாங்க. கம்பெனிக்கு இதுல ஒரு கணக்கும் உண்டு. ஐரோப்பிய காப்புரிமைச் சட்டப்படி 50 வருஷத்துக்குள்ள வெளியிடாத ஒலிப்பதிவு கையை விட்டுப் போயிடும். 2012-லயே 1962 வருஷத்து டேப்புகளை வெறும் நூறு பிரதி மாதிரி போட்டு உரிமையைக் காப்பாத்திக்கிட்டாங்க. எது எப்படியோ, சரித்திரத்துக்கு லாபம்.

மத்த லைவ் ஆல்பங்கள், சுருக்கமா

'பிஃபோர் தி ஃப்ளட்' (1974): தி பேண்டோட திரும்பி வந்த பயணம். ஆறு வாரத்துல 40 கச்சேரி. 1966-ல் திட்டின அதே இசைக்கு இப்ப ஸ்டேடியம் நிறையக் கைதட்டல். எனக்கு என்னவோ இதுல டிலன் எல்லாப் பாட்டையும் ஒரே மாதிரி கத்தறார்னு தோணும். எதிர்ப்பு இருந்தப்ப இருந்த நுணுக்கம் ஆரவாரத்துல காணாமப் போயிடுச்சு.

'லைவ் 1975' (2002-ல் வந்தது): ரோலிங் தண்டர் பயணம். 1975 அக்டோபர் 30-ல் பிளிமத்ல ஆரம்பம். முகத்துல வெள்ளைப் பூச்சு, கூட ஜோன் பயஸ், ஸ்கார்லெட் ரிவேராவோட வயலின். கொலை வழக்குல தப்பா மாட்டின குத்துச்சண்டை வீரர் ரூபின் கார்ட்டருக்காக டிசம்பர் 8-ல் மேடிசன் ஸ்கொயர் கார்டன்ல கச்சேரி பண்ணாங்க. (கார்ட்டர் வெளியே வந்தது 1985-ல்.) டிலன் மேடையில சந்தோஷமா இருந்தார்னு சொல்லக்கூடிய சில ரெக்கார்டிங்ல இது ஒண்ணு. ஒரே ஒரு சிடிதான் வாங்குவேன்னா இதை வாங்குங்க.

'ஹார்ட் ரெயின்' (1976): அதே பயணத்தோட வால். சுருதி தப்புது, கோபம் கொப்பளிக்குது. சிலருக்குப் பிடிக்காது. எனக்குப் பிடிக்கும்.

'அட் புடோகான்' (1978): ஜப்பான்ல எடுத்தது. பெரிய குழு, புல்லாங்குழல், சாக்ஸபோன், ரெகே தாளம். விமர்சகர்கள் லாஸ் வேகஸ் கச்சேரின்னு கிழிச்சாங்க. 2023-ல் முழுப் பதிவும் வந்தப்ப கேட்டவங்க பலர் கொஞ்சம் இறங்கி வந்தாங்க.

'டிரபிள் நோ மோர்' (2017-ல் வந்தது): 1979-ல் கிறிஸ்தவரா மாறின டிலன், நவம்பர் 1-ல் இருந்து சான் ஃபிரான்சிஸ்கோ வார்ஃபீல்டு தியேட்டர்ல 14 கச்சேரி பண்ணார். பழைய பாட்டு ஒண்ணு கூடக் கிடையாது, முழுக்க பக்திப் பாட்டு. திரும்பவும் கூச்சல். ஆனா அவர் குரல் அந்த மாதிரி முழு பலத்தோட இருந்தது அபூர்வம். நம்பிக்கை இருக்கோ இல்லையோ, காது இருக்கிறவன் கேக்கலாம்.

இதுக்கு அப்புறம் எண்பதுகள் நடுவுல ஒரு சரிவு. 2004-ல் எழுதின 'கிரானிக்கிள்ஸ்' புத்தகத்துல, தன் பாட்டே தனக்கு அந்நியமாப் போயிடுச்சு, விட்டுடலாமான்னு இருந்தேன்னு அவரே எழுதியிருக்கார். விடலை. 1988 ஜூன் 7, கலிஃபோர்னியா கான்கார்ட்ல ஆரம்பிச்ச பயணத்துக்கு 'நெவர் எண்டிங் டூர்'னு ஜனம் பேர் வச்சுது. 2019-க்குள்ள மூவாயிரம் கச்சேரியைத் தாண்டிடுச்சு. 2020-ல் கொரோனாதான் நிறுத்துச்சு. 2021 நவம்பர்ல, எண்பது வயசுல, திரும்பவும் கிளம்பினார். இந்தத் தடவை உள்ளே வர்றவங்க கைபேசியைப் பையில போட்டுப் பூட்டிட்டுத்தான் உட்காரணும்.

இந்தக் கச்சேரிகளுக்குப் போய்ட்டு வந்தவங்களோட நிரந்தரப் புலம்பல் ஒண்ணு உண்டு. பாட்டு பாதி முடியற வரைக்கும் எந்தப் பாட்டுன்னே தெரியலை! மெட்டு வேற, தாளம் வேற, சில சமயம் வார்த்தையே வேற. ரெக்கார்டுல இருக்கிறதைக் கேக்க வந்தவனுக்கு ஏமாத்தம்தான். எனக்கு இதுல இரண்டு மனசு. காசு கொடுத்தவனுக்குத் தெரிஞ்ச பாட்டைக் கேக்க ஆசை இருக்காதா? இருக்கும். ஆனா அவர் 1966-லயே தெளிவா சொல்லிட்டார்ல, முன்னாடி அப்படி, இப்ப இப்படின்னு. ரெக்கார்டு அவருக்கு ஒரு நாள் எடுத்த போட்டோ மாதிரி. அந்த போட்டோ மாதிரியே கடைசி வரைக்கும் இருன்னு சொன்னா எப்படி?

சரி, ஊர் பேரு

'எ கம்ப்ளீட் அன்நோன்' நல்ல படம், மறுக்கலை. டிமத்தி ஷாலமே நல்லாவே பாடியிருக்கார். ஆனா கிளைமாக்ஸ்ல, 1965 நியூபோர்ட் கூட்டத்துல இருந்தே ஒருத்தர் 'யூதாஸ்'னு கத்தறார், டிலனும் அந்தப் பதிலையே சொல்றார். சினிமாவுக்கு வசதி. ஒரே மேடை, ஒரே ராத்திரி, ஒரே மோதல்.

இதுல என்ன தொலையுது? பூட்லெக் அட்டை பண்ணின தப்புல தொலைஞ்சது ஒரு ஊர் பேரு மட்டும்தான். வருஷம் அதேதான், பயணம் அதேதான். படத்துல தொலையறது பத்து மாசம். நியூபோர்ட்ல டிலனுக்கு என்ன நடக்கும்னு தெரியாது. சட்டுனு வந்த கூச்சலுக்கு, சட்டுனு வந்த கோபம். மான்செஸ்டர்ல நல்லாத் தெரியும். ஃபாரஸ்ட் ஹில்ஸ்ல இருந்து ஊர் ஊரா திட்டு வாங்கி, டிரம்ஸ்காரர் விட்டுட்டு ஓடி, இன்னிக்கும் இடைவேளைக்கு அப்புறம் கத்தத்தான் போறாங்கன்னு தெரிஞ்சே இரண்டாம் பாதிக்கு மேடை ஏறினார். தைரியம் அந்த ஒரு பதில்ல இல்லை. ஒவ்வொரு ராத்திரியும் இடைவேளை முடிஞ்சு திரும்ப வந்தாரே, அதுல இருக்கு. நியூபோர்ட்டுக்கு மாத்தினா அது ஒரு கோபக்காரப் பையன் கதை. மான்செஸ்டர்ல வச்சாதான் அது பிடிவாதத்தோட கதை.

அந்தப் பக்கத்துக்கும் இதே நியாயம் உண்டு. மான்செஸ்டர்ல கத்தினவருக்கும் என்ன நடக்கப் போகுதுன்னு தெரியும். பத்திரிகையில படிச்சிருப்பார், இருந்தாலும் டிக்கெட் வாங்கி வந்தார், முதல் பாதி முழுக்க ரசிச்சு உட்கார்ந்திருந்திருப்பார். விட்டுப் போக மனசில்லாத பிரியம்தான் அந்தப் பேரா வெளியே வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன். பிடிக்காத ஆளை யாரும் யூதாஸ்னு சொல்ல மாட்டாங்க. கூட இருந்தவனைத்தான் அப்படிச் சொல்ல முடியும்.

டிலன் அதை மறக்கவும் இல்லை. 2012-ல், 46 வருஷம் கழிச்சு, ரோலிங் ஸ்டோன் பத்திரிகைப் பேட்டியில அந்தப் பேரை நினைச்சுக் கொதிச்சார். மின்சார கிதார் வாசிச்சதுக்காகவா அந்தப் பேருன்னு. நோபல் பரிசு 2016-ல் வந்துச்சு, வாங்க அவர் நேர்ல போகலை, பாட்டி ஸ்மித் போய்ப் பாடிட்டு வந்தாங்க. பரிசுக்கெல்லாம் அசராத மனுஷனை அந்த ஒத்தைச் சொல் மட்டும் விடவே இல்லை.

புதுசா கேக்கிறவங்களுக்கு: 1998-ல் வந்த அந்த இரட்டை சிடியை எடுங்க. அட்டையில இருக்கிற ஊர் பேரை நம்பாதீங்க ;-) முதல் சிடியைத் தாண்டிப் போகாதீங்க, ராத்திரி விளக்கை அணைச்சிட்டு அதை முழுசா கேளுங்க. அப்புறம் இரண்டாவது சிடியைப் போட்டு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டற வரைக்கும் சத்தத்தைக் கூட்டுங்க.